முதியோர் பட்டியலில் ஹொக்கி கேமையும் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வு பெற்றவர்கள் குளிர்காலத்தை எப்படிக் கழிக்கலாம் என்று சென்ற மாதம் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். யோகா, பஜனை, கரம், குறுக்கெழுத்து, மோலுக்குள் நடைப்பயிற்சி. எல்லாம் நல்லவைதான், நானும் காலையில் மோலில் நடக்கிறவள். ஆனால் அதே பக்கத்தின் அடியில், பேரப்பிள்ளைகளை 'வீடியோ கேம் பேயிடமிருந்து' மீட்பது எப்படி என்று ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. அந்தப் பேயோடு முப்பது வருடத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எனக்கு அறுபத்து நான்கு வயது. ரொறன்ரோவின் ஸ்காபரோவாசி. பொதியிடும் தொழிற்சாலையில் மாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது பெரும்பாலான பின்னேரங்களில், விளக்கு வைத்துத் தேத்தண்ணியும் குடித்த பிறகு, பிளேஸ்ரேஷன் 5 இல் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறேன். விளையாட்டின் பெயர் என்.எச்.எல். 25. 1991 இல் தொடங்கிய வரிசை இது. இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவின் பர்னபியில் ஈ.ஏ. என்ற கேம் நிறுவனத்தார் செய்கிறார்கள். என்.எச்.எல். என்ற தேசிய ஹொக்கி லீக்கின் 32 அணிகளும் உள்ளே இருக்கின்றன. அட்டைப்படத்தில் அந்த லீக்கில் ஆடும் ஹியூஸ் சகோதரர் மூவரும் நிற்கிறார்கள். அவர்களுடைய தாயார் அமெரிக்கப் பெண்கள் அணிக்கு ஆடியவர் என்பதை நான் சொல்லித்தான் என் பேரனுக்கே தெரியும்.

தொடக்கம் தம்பிமார். 93 ஆம் ஆண்டு மார்க்கம் வீதிக்கு அருகே ஒரு நிலக்கீழ் வீட்டில் நாங்கள் மூவரும் இருந்தோம். அந்த வருடம் மே 29 ஆம் திகதி, மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், லொஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 5-4 என்று தோற்றது. அவர்களுடைய கிரெட்ஸ்கி மூன்று கோல். ஆறாவது ஆட்டத்திலேயே எங்கள் கில்மோரின் முகத்தில் கிரெட்ஸ்கியின் தடி பட்டதற்கு நடுவர் தண்டனை கொடுக்கவில்லை என்று தம்பிமார் இன்றைக்கும் பொருமுவார்கள். அந்த ஆண்டு இறுதியில் சேகா கேம் பெட்டிக்கு என்.எச்.எல். 94 வந்தது. கில்மோர், வெண்டல் கிளார்க், கோல் காப்பாளர் பொட்வின் எல்லோரும் அதில் இருந்தார்கள். மே மாதம் தோற்ற ஆட்டத்தைத் தம்பிமார் மார்கழி முழுக்கத் திரும்பத் திரும்ப வென்றார்கள். மூன்றாவது ஆள் தேவைப்பட்டபோது என்னையும் இழுத்து இருத்தினார்கள்.

நல்ல விளையாட்டுத்தான், குறை சொல்ல மாட்டேன். பாஸ் வந்த கணத்திலேயே பக்கை (ஹொக்கியின் இறப்பர் வட்டை) நிறுத்தாமல் அடிக்கும் 'வன் ரைமர்' இந்த வரிசைக்குள் நுழைந்தது 94 இல்தான். அரங்கில் ஓர்கன் வாசிக்கும். முன்னைய பதிப்பில் இருந்த கைகலப்பை அதில் எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அதில் ஹொக்கி கொஞ்சம்தான். கோல் வாசலுக்குக் குறுக்கே ஒரு பக்கமாகச் சறுக்கினால் காப்பாளர் பின்னாலேயே வருவார், மறுபக்கம் தட்டிவிட்டால் கோல். சிக்காகோவின் ரோனிக்கை எடுத்துக்கொண்டவருக்கு இந்த வேலை இன்னும் சுகம். தண்டனைகளை வைத்துக்கொண்டு, பக்குக்கு முன்னால் எதிராளியின் நீலக்கோட்டைத் தாண்டக்கூடாது என்கிற ஒஃப்சைட்டை மட்டும் நிறுத்திவிடும் வசதியும் இருந்தது. தம்பிமார் அதை நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவார்கள். நீலக்கோடு எதற்கு என்று எனக்குத் தெரியாமலே பல குளிர்காலம் போயிற்று.

இன்றைய கேமை நான் ஏன் மெச்சுகிறேன் என்பதற்கு ஒரு பழைய கதை வேண்டும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாட்களில் நான் வலைப்பந்தாட்டக்காரி. நெஞ்சில் 'ஜீ.டி.' என்று எழுத்து, அதாவது கோல் டிஃபென்ஸ். தர்ஜினி சிவலிங்கம் மாதிரி பந்தை வளையத்துக்குள் போடுகிறவர்களின் பெயர்தான் உலகத்துக்குத் தெரியும், தெரியவும் வேண்டும், எங்கள் மண்ணின் பிள்ளை அவர். காவல் காக்கிறவளை யாரும் கேட்பதில்லை. வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளை நெருங்கவே முடியாது, மூன்று அடி தள்ளித்தான் நிற்கவேண்டும். ஆகவே பந்தை விட்டுவிட்டு, அது அடுத்து எங்கே போகப்போகிறது என்பதைப் பார்க்கப் பழகுவோம். பாதையை மறிப்பதுதான் வேலை.

அந்த வேலைக்கு 94 இல் இடமே இல்லை. பக் வைத்திருப்பவரை ஓடிப்போய் இடித்து விழுத்துவதுதான் அங்கே காவல். இன்றைய கேமில் அப்படி ஓடினால் கெட்டோம்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பேரன் லீஃப்ஸ் வீரர் மத்தியூஸை வைத்துக்கொண்டு இடப்பக்கமாக வருகிறான், வலப்பக்கத்தில் அவனுக்கு இன்னொரு ஆள். எனக்கு ஒரே ஒரு தடுப்பாளர். கையிலுள்ள கருவியின் எல்2 பொத்தானை அழுத்திப் பிடிக்கிறேன், என் ஆள் பக்கைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்குகிறார். மத்தியூஸிடம் போகக்கூடாது. அவரைக் கோல் காப்பாளர் பார்த்துக்கொள்வார். நான் இருவருக்கும் நடுவில், பாஸ் போகக்கூடிய கோட்டில். ஆர்1 ஐப் பிடித்துக்கொண்டு கருவியின் வலது குச்சியை மெல்ல அசைத்தால் தடுப்பாளரின் தடி பனிக்கட்டிமேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவும். பேரன் பொறுமை இழந்து பாஸ் கொடுப்பான், பக் என் தடியில் பட்டு மூலைக்குப் போகும். "அப்பப்பா இருந்திருந்தா விட்டிருப்பார், அப்பம்மா விடமாட்டா" என்று அவன் தகப்பனிடம் முறையிடுவான். தடியை ஓர் அங்குலம் கூடுதலாக நீட்டி எதிராளியின் காலில் பட்டுவிட்டால் இரண்டு நிமிடம் என் ஆள் தண்டனைப் பெட்டிக்குள். அந்த ஓர் அங்குலத்தில்தான் எனக்குப் பொழுது போகிறது.

பாஸும் அப்படித்தான். பொத்தானை எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு வேகம். அவசரத்தில் அழுத்திப் பிடித்து விசுக்கினால், வாங்குகிறவரின் தடியில் பட்டுத் தெறிக்கும். அடிப்பதற்குப் பொத்தானே வேண்டாம், 2006 இல் வந்த 07 பதிப்பிலேயே வலது குச்சியைத் தடியாக்கிவிட்டார்கள். முன்னே தள்ளினால் மணிக்கட்டு அடி. பின்னே இழுத்து முன்னே தள்ளினால் ஓங்கிய அடி. கையைப் பின்னால் இழுக்கும் அந்த அரை வினாடியில் எதிராளி வந்து மறித்துவிடுவான் என்ற பயம் நிஜ ஆட்டத்தில் உள்ளது போலவே இங்கும் உண்டு.

கோல் காப்பாளர்கள் பிழைத்துக்கொண்டார்கள். குறுக்கே சறுக்கி ஏமாற்றும் பழைய வித்தைக்கு இப்போது அவர்கள் மசிவதில்லை. பாஸ் போகிற பக்கம் தாங்களும் தள்ளிப்போய் நிற்கிறார்கள். அவர்கள் கண்ணை மறைக்க ஓர் ஆளை வாசலில் நிறுத்தி, நீலக்கோட்டிலிருந்து அடித்து, தட்டுப்பட்டுத் திரும்பும் பக்கைப் பொறுக்கவேண்டும். அதாவது ரி.வி.யில் சனிக்கிழமை இரவு பார்க்கிற அதே கோல். 24 ஆம் பதிப்பிலிருந்து களைப்பும் கணக்கில் வருகிறது. தங்கள் பகுதிக்குள்ளேயே அடைபட்டு நிற்கும் தடுப்பாளர்களின் கால் இழுபடும், காப்பாளரும் சோர்வார். நிஜத்தில் ஒருவர் ஒரு தடவை இறங்கினால் பெரும்பாலும் முக்கால் நிமிடம் அளவில்தான் பனியில் நிற்பார், ஏன் அப்படி மாறி மாறி இறங்குகிறார்கள் என்பது இதை விளையாடினால்தான் விளங்கும். இப்போது லீஃப்ஸ் ஆட்டம் பார்க்கும்போது என் கண் பக்கில் நிற்பதில்லை. தடுப்பாளர் எப்போது திரும்புகிறார் என்றுதான் பார்க்கிறேன். ஒஃப்சைட்டும், தன் பாதியிலிருந்தே எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டப் பக்கை அடித்துவிடும் ஐசிங்கும் அப்படித்தான் மண்டையில் ஏறின.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பஃபலோவில் 14 வயதுப் பிள்ளை ஒருத்தி, நாங்கள் ஏன் இந்த கேமில் இல்லை என்று ஈ.ஏ.க்குக் கடிதம் எழுதினாள். 2011 இல் வந்த 12 ஆம் பதிப்பில் பெண் வீராங்கனையை உருவாக்கும் வசதியைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கனடாவின் ஹேலி விக்கன்ஹைசரும் அமெரிக்காவின் ஆஞ்சலா ரஜீரோவும் வந்தார்கள். 23 இன் அட்டையில் கனடிய வீராங்கனை சாரா நர்ஸ், அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த அட்டையில் நின்றதில்லை. 25 வெளிவந்த இரண்டு மாதத்தில் பெண்கள் தொழில்முறை லீக்கின் அணிகளே உள்ளே வந்துவிட்டன, எங்கள் ரொறன்ரோ செப்டர்ஸ் உட்பட. அந்த லீக்கின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1 இல் ரொறன்ரோவில் நடந்தது. பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்குள்தான். எங்கள் அணி நியூயோர்க்கிடம் 4-0 என்று தோற்றது, அது கிடக்கட்டும். அந்தப் பருவத்தில் 20 கோல் போட்டு லீக்கின் சிறந்த வீராங்கனையான நற்றலி ஸ்பூனர் பிறந்தது ஸ்காபரோவில். எங்கள் ஊர்ப் பிள்ளை! நான் கட்டும் அணியில் அவருக்கு எப்போதும் முதல் வரிசை.

என் வயதுக்காரர் யாராவது துணிந்தால் சில யோசனைகள். ஆட்ட வேகத்தைக் குறைக்க ஓர் அளவுகோல் இருக்கிறது, வெட்கப்படாமல் குறையுங்கள். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்பதும் உங்கள் விருப்பம், நான் ஐந்து வைப்பேன். இருபது வைத்தால் இரவுச் சாப்பாடு இல்லை. பெருவிரல் மூட்டு வலிக்கிறவர்களுக்கு 94 இல் இருந்த பழைய இரண்டு பொத்தான் முறையும் இருக்கிறது, கொஞ்ச நாள் அதிலேயே ஆடிவிட்டுக் குச்சிக்கு மாறலாம். இணையத்தில் முகம் தெரியாத பொடியன்களோடு மோதவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. கணினியோடு 'செமி-புரோ' மட்டத்தில் தொடங்கினால் தோல்வியும் வெற்றியும் மாறி மாறி வரும்.

குறையும் உண்டு. எழுத்துகள் எறும்பு அளவு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு உட்காரவேண்டும். ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் வித்தியாசம் பல தடவை சட்டையின் நிறம் அளவுக்குத்தான். ஆகவே நான் ஒன்று விட்டு ஒன்றுதான் வாங்குவேன், அதுவும் விலை விழுந்த பிறகு. வீரர்களின் அட்டைகளைச் சேர்க்கும் பகுதி ஒன்று இருக்கிறது, அதில் உண்மைக் காசு கொடுத்துப் பொட்டலம் பிரிக்கலாம், உள்ளே யார் வருவார் என்பது அதிர்ஷ்டம். ஆசிரியரே, உங்கள் பெட்டிச் செய்தி எச்சரிக்கவேண்டிய இடம் அதுதான். பெற்றோரே, கடன் அட்டை இலக்கத்தைக் கேம் பெட்டியில் பதிந்து வைக்காதீர்கள். விளையாட்டு 10 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று மேலுறையிலேயே இருக்கிறது, அதையும் பாருங்கள்.

இந்த நாட்டில் ஹொக்கி தெரியாமல் இருப்பது குற்றமில்லை. ஆனால் வேலைத்தலத்தில் திங்கட்கிழமை எல்லோரும் பேசுகிற பேச்சில் வாய்மூடி நின்ற காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசி வருடங்களில் மேற்பார்வையாளரே என்னிடம் வந்து, நேற்று பவர்பிளேயை, அதாவது எதிரணிக்கு ஆள் குறைந்த நேரத்தை, ஏன் இப்படிச் சொதப்பினார்கள் என்று கேட்பார். லீஃப்ஸ் 1967 க்குப் பிறகு லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைத் தொட்டதில்லை என்பதால் பேச்சுக்குப் பஞ்சமே வராது. என் வரவேற்பறையில் மட்டும் அவர்கள் அடிக்கடி வெல்கிறார்கள்.

பஞ்சாபிக்காரர்களுக்கு 2008 இலேயே அவர்கள் மொழியில் ஹொக்கி வர்ணனை ஒளிபரப்பத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஐ.பி.எல். புள்ளிப் பட்டியல் அடிவரை வருகிறது, ஸ்காபரோவில் பிறந்தவள் கோல் போட்ட செய்தி ஒரு வரிகூட வருவதில்லை. மார்கழி முதல் சித்திரை வரையாவது செப்டர்ஸ், லீஃப்ஸ் முடிவுகளுக்கு ஒரு கால் பத்தி ஒதுக்குங்கள். எழுத ஆள் இல்லையென்றால் ஆசிரியபீடத்துக்கு என் தொலைபேசி இலக்கம் தெரியும். ஆள் குறைந்து நிற்கும் அணி அந்த இரண்டு நிமிடத்தை எப்படிக் கடத்துகிறது என்பது பற்றி முதல் பத்தியை இந்தக் கிழமையே எழுதித் தருவேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
ஸ்காபரோ