கருவிகள் வந்துவிட்டன, கற்றுக்கொள்ளும் நேரத்தையும் தாருங்கள்: ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிகளைத் திட்டமிடும் பெருமதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊரகப் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நம் பள்ளிகளுக்குக் கணினியும் திரையும் இணையமும் வந்து சேர்ந்த வேகத்தில், அவற்றைக் கொண்டு பாடம் நடத்தும் பழக்கம் வகுப்பறைக்குள் வந்து சேரவில்லை. இதற்கான காரணத்தை ஆசிரியர்களின் ஆர்வக் குறைவில் தேடுவோர் பலர் உண்டு. நான் அதைப் பயிற்சிகள் அமைக்கப்படும் முறையில் காண்கிறேன். பயிற்சியின் மையமாகக் கருவிக்குப் பதில் பாடத்தையும், பயிற்சியின் இடமாக அரங்கிற்குப் பதில் அந்தந்தப் பள்ளியின் வகுப்பறையையும் அமைத்துத் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கடந்த சில ஆண்டுகளில் அரசு செய்திருப்பது சிறிய முதலீடு அன்று. 2018-19 கல்வியாண்டில் வெளிவந்த புதிய பாடநூல்கள் க்யூஆர் குறியீடுகளுடன் வந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் எனும் கணினி ஆய்வகம் அமைந்தது. 2023இல் பாடங்களைக் காணொளிகளாகத் தரும் மணற்கேணி செயலி வெளியானது. தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகளும் வழங்கப்படும் என்று அரசே அறிவித்தது. கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கும் இந்த முயற்சியை நான் மனமார வரவேற்கிறேன். வரவேற்பதால்தான், இவ்வளவு பொருட்செலவில் வந்த கருவிகள் பதிவேற்றத்திற்கும் காணொளி ஓடவிடுவதற்கும் மட்டுமே பயன்பட்டு நின்றுவிடக் கூடாது என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு விருப்பமில்லை என்ற பேச்சுக்கு 2020ஆம் ஆண்டே பதில் சொல்லிவிட்டது. அந்த மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் வகுப்பறைக்கு வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எந்த ஆணையும் பயிற்சியும் வருமுன்பே, எத்தனையோ ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு தொடங்கி, குரல் பதிவில் பாடம் சொல்லி, கைப்பேசியை அரிசி டப்பாவின் மீது சாய்த்து வைத்துக் கரும்பலகையைப் படம் பிடித்து அனுப்பினார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஆசிரியர்களும் அவர்களில் இருந்தார்கள். தேவை கண்முன் நின்றபோது அவர்கள் கற்றுக்கொண்டார்கள். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தபோது இன்னும் விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். நல்ல பயிற்சிக்குத் தேவையான இரண்டு கூறுகளும் இங்கேயே இருக்கின்றன.

ஆனால் வழக்கமான பயிற்சி நாள் எப்படிக் கழிகிறது? மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் வட்டாரக் கருத்தாளருக்கும், அவர் எங்களுக்கும் சொல்வதாகச் சங்கிலி அமைகிறது. எல்லாப் பாட ஆசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்கிறோம். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர். செயலியை எங்கிருந்து பதிவிறக்குவது, எந்தப் பொத்தான் எதற்கு, கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது என்பவை விளக்கப்படுகின்றன. வருகைப் பதிவு, பின்னூட்டப் படிவம், குழுப் புகைப்படம் ஆகியவற்றுடன் நாள் முடிகிறது. கருத்தாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் எங்களைப் போன்ற ஆசிரியர்களே, கொடுக்கப்பட்ட கையேட்டைக் கொடுக்கப்பட்ட நேரத்திற்குள் முடித்தாக வேண்டிய நிலையில் இருப்பவர்கள். ஆயினும் மறுநாள் நான்காம் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் நான் நடத்த வேண்டிய பாடத்திற்கு இந்தக் கருவி எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் அது தேவையே இல்லை என்ற கேள்வி அந்த அரங்கில் எழுவதே இல்லை. ஆசிரியருக்குத் தேவையான கேள்வி அது ஒன்றுதான்.

நான் சொல்ல வருவதை ஒரு பாடத்தைக் கொண்டே விளக்குகிறேன். ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் முக்கோணத்தின் நடுக்கோட்டு மையமும் (உச்சிகளை எதிர்ப்பக்க நடுப்புள்ளிகளோடு இணைக்கும் நடுக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) செங்கோட்டு மையமும் (உச்சிகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்குச் செங்குத்தாக வரையும் குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) வருகின்றன. கவராயமும் அளவுகோலும் கொண்டு மாணவர் நோட்டில் ஒரு முக்கோணம் வரைவார், குத்துக்கோடுகளை வரைவார், அவை சந்திக்கும் புள்ளியைக் குறிப்பார். கை பழக வேண்டிய வேலை இது, எந்தத் திரையும் இதற்கு ஈடாகாது. ஆனால் ஒரு பாடவேளையில் ஒருவர் வரைவது ஒரு முக்கோணம், மிஞ்சினால் இரண்டு. அதனால் செங்கோட்டு மையம் என்பது எப்போதும் முக்கோணத்திற்குள் இருக்கும் ஒரு புள்ளி என்றே பலர் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். நம் கணிதப் பாடநூலிலேயே இணையச் செயல்பாடு என்ற பகுதியில் வடிவங்களைத் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜீப்ராவுக்கான இணைப்புகள் தரப்பட்டுள்ளன. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001இல் தம் பல்கலைக்கழக ஆய்வுக்காக உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது. கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

அதில் முக்கோணத்தின் ஓர் உச்சியைப் பிடித்து மெல்ல இழுத்தால், குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே இருந்த செங்கோட்டு மையம் நகரத் தொடங்குகிறது. கோணம் சரியாகத் தொண்ணூறு பாகை ஆகும்போது அந்த உச்சியிலேயே போய் அமர்கிறது. விரிகோணமானதும் முக்கோணத்தை விட்டு வெளியேறுகிறது. என் வகுப்பில் இதை நான் ஓட்டிக்காட்டியபோது, எப்போதும் கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் மாணவி ஒருத்தி, "அப்ப நடுக்கோட்டு மையம் மட்டும் ஏன் சார் வெளிய போகவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். நடுக்கோடு ஒவ்வொன்றும் முக்கோணத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதையும், அதனால் அவை சந்திக்கும் புள்ளி வெளியேற வழியில்லை என்பதையும் வகுப்பே சேர்ந்து பேசிக் கண்டடைந்தது. அந்தப் பாடவேளையின் எஞ்சிய நேரம் முழுவதும் திரை அணைந்தே இருந்தது, கரும்பலகைதான் வேலை செய்தது.

எந்தப் பயிற்சி அரங்கிலும் இதை நான் கற்கவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியின் கணித ஆசிரியை ஒருவர் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் என் பக்கத்தில் அமர்ந்து, இதே பாடத்தை வைத்துக்கொண்டு, உச்சியை எப்போது இழுக்க வேண்டும், இழுக்கும் முன் பிள்ளைகளிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். "மொதல்ல எங்க போகும்னு அவங்களையே சொல்ல வைங்க சார், அப்புறம் இழுங்க" என்பது அவர் சொன்னது. மென்பொருளின் பொத்தான்களைப் பற்றி அவர் பேசியது சொற்ப நேரமே. இத்தகைய அறிவு மாநிலம் முழுவதும் ஆசிரியர்களிடம் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டி ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை. அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதே நிலைதான். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் உருவகப்படுத்தல்களில் (அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவுபவை) பல தமிழிலேயே கிடைக்கின்றன. பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் துண்டித்த நாளிலும் மின்சுற்றுப் பாடத்தை நடத்தலாம். எந்தப் பாடத்தின் எந்தப் பக்கத்திற்கு எது பொருந்தும் என்று பாட ஆசிரியர்கள் கூடி அமர்ந்து பார்க்கும் வாய்ப்பை மட்டும் உருவாக்கித் தாருங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களில் பெரும் பகுதியினர் கணினியிலிருந்து விலகி நிற்பதற்குத் தமிழ்த் தட்டச்சு ஒரு முதன்மையான காரணம், ஆனால் பயிற்சிக் கையேடுகள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. பல பள்ளிகளில் வினாத்தாள்கள் இன்றும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. கடைக்காரரிடம் கொடுத்து அடித்து வாங்கிய அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்தாலோ, கூகுள் படிவத்தில் ஒட்டினாலோ, ஒரு சொல்கூடப் படிக்க முடியாத குறிகளாக விழுகின்றன. 1999இல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. 2010இல், எந்தக் கணினியிலும் எழுத்துகள் மாறாமல் தெரிய உதவும் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியையும் (யூனிகோட்) ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் என முப்பத்தொரு விசைகளுக்குள் 247 எழுத்துகளும் அடங்கிவிடும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். தமிழின் இயல்பை உணர்ந்து வடித்த இந்த ஏற்பாட்டை ஓர் ஆசிரியர் தொடர்ச்சியாகச் சில நாள்கள் பழகினால் போதும், தம் வினாத்தாளைத் தாமே அடித்து, தாமே திருத்தி, அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம். பிறரை நம்பி நிற்கும் நிலை அன்றோடு முடிகிறது. புதிய செயலி எதையும் அறிமுகப்படுத்தும் முன் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒருங்குறியில் தமிழ் தட்டச்சு செய்யக் கற்றுத் தாருங்கள் என்று வேண்டுகிறேன். தமிழாசிரியர்கள் இதில் முன்னிற்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

மூத்த ஆசிரியர்களின் தயக்கத்தையும் மதிப்புடன் அணுக வேண்டும். முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் தலைநிமிர்ந்து நின்ற ஒருவர், திரை உறைந்து நிற்கையில் நாற்பது பிள்ளைகளின் முன் செய்வதறியாது நிற்க விரும்புவதில்லை. அது சோம்பலாலோ பிடிவாதத்தாலோ வருவதன்று. பிழை செய்து பழகுவதற்குப் பிள்ளைகள் இல்லாத ஓர் அறையும், அவசரப்படுத்தாத ஒரு துணையும் அவருக்குத் தேவை. திரையை இயக்கும் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம் என்பதும் நம் கவனத்திற்குரியது. கேரளத்தில் 2018இல் தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்களே பள்ளியின் கணினிக் கருவிகளைப் பராமரிக்கவும் கையாளவும் பயில்கிறார்கள்.

கேரளத்தைக் குறிப்பிட்டதால் அதன் முழுப் பாதையையும் சுட்ட விரும்புகிறேன். அங்கு 2001இல் ஐடி@ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய திட்டமே 2017இல் கல்வித் தொழில்நுட்பத்திற்கான கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டதால், உரிமக் கட்டணமின்றி எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மென்பொருள் தொகுப்பை நிறுவ முடிந்தது. பள்ளிகளில் பாடம் நடத்திய ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்றுநர்களாக அமர்த்தினார்கள். வகுப்பறைகளுக்குப் பெருமளவில் கருவிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆசிரியர்கள் தயாராகத் தொடங்கிவிட்டார்கள். நம் மாநிலத்தில் கருவிகள் முந்திக்கொண்டன. அதனாலேயே பயிற்சியில் நாம் இன்னும் கூடுதல் கருத்துடன் இருக்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய நிதி ஒதுக்கீட்டை அன்று. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைப் பாடவாரியாகப் பிரித்து, அடுத்த மாதம் நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதற்கான கருவியை ஆசிரியர்களே கையால் இயக்கிப் பழக விடலாம். பழகியதை வகுப்பில் செய்து பார்த்த பின், ஆசிரியர் பயிற்றுநரோ பக்கத்துப் பள்ளி ஆசிரியரோ ஒரு பாடவேளை உடன் அமர்ந்து பார்த்து, சரியாக வராததைச் சேர்ந்து பேச ஏற்பாடு செய்யலாம். இந்தத் திரும்பி வந்து பார்க்கும் படிதான் இன்றைய பயிற்சிகளில் அறவே இல்லை. அதைச் சோதனையாக்கிவிடாமல், மதிப்பெண்ணும் அறிக்கையும் இல்லாத உரையாடலாகவே வைத்திருக்க வேண்டும்.

அளவீட்டைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். எத்தனை ஆசிரியர்கள் செயலியைப் பதிவிறக்கினார்கள், எத்தனை நிமிடம் காணொளி ஓடியது என்ற எண்ணிக்கைகளைக் கேட்கும்போது, பள்ளிகளும் அந்த எண்ணிக்கையைத்தான் உருவாக்கித் தருகின்றன. ஆளில்லாத அறையில் காணொளி ஓடினாலும் நிமிடம் ஏறும். இந்தப் பாடத்தில் இந்தக் கருவியால் மாணவர் என்ன புதிதாகக் கேட்டார், எந்தத் தவறான புரிதல் மாறியது என்று ஆசிரியர் தம் சொந்தச் சொற்களில் எழுதும் ஒரு பக்கக் குறிப்பு அதைவிடப் பன்மடங்கு பயன்படும்; நல்ல குறிப்புகளைப் பிற பள்ளிகளுக்கும் அனுப்பலாம். இவை அனைத்துக்கும் நேரம் வேண்டும். கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்திலும் பிற படிவங்களிலும் ஒரே தகவலைப் பலமுறை பதிவேற்றும் வேலையைக் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும்.

இந்தக் கல்வியாண்டிலேயே மாநிலம் முழுவதும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு மாவட்டத்தில், ஒரு வட்டாரத்தில், ஒன்பதாம் வகுப்புக் கணிதம் என்ற ஒரே பாடத்தில் ஒரு பருவம் செய்து பார்க்க அனுமதி தாருங்கள். அதற்கான பாடத்திட்ட வரைவை எங்கள் பகுதிக் கணித ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். தாங்கள் நேரம் ஒதுக்கினால் அதை நேரில் கொண்டுவந்து காட்டவும், தங்கள் திருத்தங்களை ஏற்று மாற்றி எழுதவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்