அந்த மூலப் படங்களை அழிக்காதீர்கள்

பக்கவாத ஸ்கேனுக்கு ப்ரோட்டோகால் எழுதும் கதிரியக்கத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். முதல் சில மணி நேரத்து அவசர ஸ்கேனில் நாங்கள் கை வைக்கச் சொல்லவில்லை. பி=1000 டிஃப்யூஷனும் (திசுவில் நீரின் நகர்வைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்; பி என்பது அந்த நகர்வை ஸ்கேன் எவ்வளவு கூர்மையாக உணரும் என்பதன் அளவு) ஏ.டி.சி. படமும் (நீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற எண்ணைக் காட்டுவது) அங்கே போதும். நாங்கள் கேட்பது அதன் பிறகு எடுக்கும் ஸ்கேன்களைப் பற்றி: அவற்றில் இரண்டாவது பி மதிப்பையும் சேருங்கள், மூலப் படங்களைச் சேமித்து வையுங்கள்.

ரத்தம் தடைபட்டதும் செல்கள் வீங்கி நீரின் நடமாட்டம் குறைகிறது. நல்ல திசுவில் நொடிக்கு 0.0008 சதுர மி.மீ. அருகே இருக்கும் ஏ.டி.சி. 0.0006-க்கும் கீழே இறங்கும். பிறகு செல்சவ்வுகள் உடைய உடைய, அதே எண் மெல்ல ஏறும். ஏறக்குறைய 7 முதல் 10 நாளில் பழைய அளவைத் தொட்டுவிட்டு மேலே போகும். அந்த நாட்களில் ஏ.டி.சி. மட்டும் பார்த்தால் செத்த திசு நல்ல திசுவைப் போலவே ஏமாற்றும்.

அங்கேதான் குர்ட்டோசிஸ் என்ற இன்னொரு அளவு உதவுகிறது. நீர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதோடு, அதன் வழியில் தடைகள் எவ்வளவு சிக்கலானவை என்பதையும் அது காட்டும். இதற்கு இரண்டாவது பி மதிப்பு கட்டாயம். குறைந்தது 15 திசைகளும் வேண்டும். எங்கள் பரிந்துரை: பி=0 படம் ஆறு, பி=1000-இல் 30 திசை, பி=2000-இல் 30 திசை, படத்தின் வளைவைத் திருத்த, எதிர்த் திசை பேஸ் என்கோடிங்கில் பி=0 படம் இரண்டு. மல்டிபேண்ட் (ஒரே நேரத்தில் பல வெட்டுகளை எடுக்கும் வசதி) இருந்து டி.ஆர். (ஒரு முழு மூளைத் தொகுதிக்கு ஆகும் நேரம்) 4 நொடி என்றால், 68 தொகுதிக்கு நாலரை நிமிடம்.

இரண்டு பி மதிப்பையும் ஒரே சீக்வென்ஸில் எடுங்கள். தனித்தனியாக ஓட்டினால் டி.இ. (சிக்னலைப் பிடிக்கும் வரையிலான காத்திருப்பு நேரம்) மாறிவிடும், குர்ட்டோசிஸ் கணக்கே பாழ். கன்சோலில் இன்டர்போலேஷனை (இடைப் புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்புவதை) அணைத்துவிடுங்கள். படத்தை மெருகேற்றுவதாக நினைத்து அதைப் போட்டுவிட்டால், இரைச்சல் நீக்கும் நிரல் தடுமாறும். வரிசை முக்கியம்: முதலில் இரைச்சல், அடுத்து கிப்ஸ் வளையங்கள் (விளிம்புகளை ஒட்டித் தோன்றும் போலிக் கோடுகள்), கடைசியில் படத்தின் வளைவும் நோயாளியின் அசைவும்.

பழைய புண்ணில் நீர் தங்கிய குழியில் பி=2000 சிக்னல் இரைச்சல் அளவுக்கே விழுந்து, அதற்குக் கீழே போக முடியாமல் நிற்கும். அதை நிரல் குர்ட்டோசிஸ் என்று எண்ணிவிடும். நரம்பிழை அடர்த்தியைக் கணக்கிடும் நாடி (NODDI; நோடி என்றும் சொல்வார்கள்) மாதிரியிலும் ஒரு கண்ணி உண்டு: ஆரோக்கியமான வெள்ளைத் திசுவுக்கான, நொடிக்கு 0.0017 சதுர மி.மீ. என்ற டிஃப்யூஷன் அளவை அது மாறாததாக வைத்துக்கொள்கிறது. புண்ணுக்குள் அது பொருந்தாது. அங்கே வரும் நரம்பிழை அடர்த்தி எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

ஆனால் இதெல்லாம் தரவு இருந்தால்தான். பல கன்சோல்கள் திசைகளைச் சராசரியாக்கிய டிரேஸ் படத்தை மட்டும் பேக்ஸுக்கு (மருத்துவமனையின் படச் சேமிப்பகத்துக்கு) அனுப்பும். தனித்தனித் திசைப் படங்கள் டிஸ்க் நிரம்பியதும் போய்விடும். ஏற்றுமதி விதியில் மூலப் படங்களையும் திசை அட்டவணையையும் சேர்க்கச் சொல்லுங்கள். இன்று ஓடும் ஸ்கேனிலிருந்தே.

இப்படிக்கு,
டிஃப்யூஷன் படங்களைக் கணக்கிடும் பணியில் இருப்பவர்கள்