கண்ணுக்கு, அப்பா எழுதுவது

கண்ணு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். தேங்காய்க்கு விலை இருக்கிறது, ஆனால் வெள்ளை ஈ விழுந்து காய் சிறுத்துவிட்டது. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி நேரத்தோடு படு.

த்ரீ ஃபேஸ் கரண்ட் நடுராத்திரியில்தான் விடுகிறார்கள். மோட்டார் போடப் போகும்போது போனைப் பார்த்தால், ரெண்டு மணிக்கும் நீ ஆன்லைனில் இருக்கிறாய். ஆபீஸ் வேலையாக இருக்கும்.

பணம் கட்டி ஆடுகிற ஆப்களை எல்லாம் 2025 ஆகஸ்டில் டெல்லியில் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள் அல்லவா, நிஜமாகவே நின்றுவிட்டதா? நம் கவர்மெண்ட் 2020-லேயே ரம்மிக்குத் தடை போட்டது. அடுத்த வருஷமே ஐகோர்ட் ரத்து செய்தது. மறுபடி சட்டம் கொண்டுவந்தார்கள், கவர்னர் திருப்பி அனுப்பி, 2023-ல்தான் கையெழுத்தானது. அதிலும் ரம்மி திறமை விளையாட்டு என்று கோர்ட் விலக்கிவிட்டது. திறமைக்காரன் எதற்கு ராத்திரி ரெண்டு மணி வரை விழித்திருக்கிறான்?

2003-ல் லாட்டரியைத் தடை செய்தபோது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்த சீட்டெல்லாம் ஒரே நாளில் காணாமல் போனது. உன் சின்ன மாமன் என்ன செய்தான்? கோபாலபுரம் பஸ் ஏறினான். தாண்டினால் கேரளா, அங்கே சர்க்காரே விற்கிறது. அப்புறம் பஸ்ஸும் வேண்டாம் என்று ஆனது. கேரளா ரிசல்ட்டின் கடைசி மூணு நம்பரை வைத்து இங்கேயே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவன் மேட்டுக்காட்டு நிலம் கைவிட்டுப் போனது தடைக்கு முன்னா பின்னா என்று உனக்கே தெரியும்.

ஆனால் தடையே வீண் என்று சொல்ல மாட்டேன். நம் தோப்புக்கு வரும் பொம்பளைகள் கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்குவார்கள். கண்ணில் படாமல் போனதும் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டார்கள். மாட்டாதவனைத் தடை காப்பாற்றும். மாட்டினவன் பஸ் ஏறுவான். இப்போது அந்த பஸ்ஸும் கையிலேயே இருக்கிறது, டெலிகிராமில் வெளிநாட்டு லிங்க் வருகிறதாமே.

நம் வளவில் முதல் என்ஜினியர் நீ. இன்னும் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். போன தடவை வந்தபோது நீ முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

இன்னொன்றும் படித்தேன். அந்தப் புதுச் சட்டத்தில் மூணு வருஷம் ஜெயில் நடத்துகிறவனுக்குத்தான். ஆடினவனுக்குத் தண்டனை கிடையாது. அதனால் யாரிடமும் சொல்ல பயப்பட வேண்டியதில்லை. யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நேரத்தோடு படு.

தை மாதம் கல்யாணத்துக்கு அம்மா ரெட்டைவடச் செயினைக் கேட்கிறாள். பேங்க் லாக்கரில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடகு ரசீதை போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. எங்கே வைத்தாய், ஏன் வைத்தாய் என்று கேட்க மாட்டேன். ஆனால் பணத்தை உன் கணக்கில் போட மாட்டேன். நானே நேரில் வந்து கட்டி மீட்டுக்கொள்கிறேன்.

அப்பா