ஆயாவின் அடைச்சட்டிக்கு ஒரு நன்றி மடல்

நேற்று இரவு 9.40க்குச் சுருளி சாப்பிட்டுவிட்டான்.

சுருளி நான் வளர்க்கும் பாம்பு. பால் பைத்தான் (ball python, 'பால்' என்றால் பந்து) என்ற சின்ன மலைப்பாம்பு இனம். 117 நாளாக அவன் எதையும் சாப்பிடவில்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்து, பனிமூட்டம் விலகி, எதிர்ச் சரிவில் சில்வர் ஓக் மரங்கள் தெரிய ஆரம்பித்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் புலம்பாத ஆள் பாக்கி இல்லை. அதையே மறுபடி சொல்லப் போவதில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு ஆயாவுக்கு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டுவேன்.

ஆயா ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நாற்பது வருடம் பழம் பறித்தவர். எங்கள் வீட்டில் இருப்பது என்ன என்று தெரிந்த நாளிலிருந்து வாசற்படி தாண்டியதில்லை. பாம்பு என்ற சொல்லைக்கூட வாயால் சொல்ல மாட்டார், 'பூச்சி' என்பார். மார்கழி பிறந்த சமயம், ஒரு மத்தியானம், நான் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அன்றைக்கும் அவன் எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தைப் பையோடு போய்க்கொண்டிருந்த ஆயா நின்றார்.

"ஏஞ்சாமி, பூச்சி இன்னும் வாயே தொறக்கலையா?"

"இல்ல ஆயா."

"அதுக்குப் புத்து எங்க வச்சிருக்க?"

அத்தனை நாளில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். சூடு எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, எலி என்ன எடை என்று எல்லாம் கேட்டார்கள். புற்று எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான்கு அடி கண்ணாடித் தொட்டி, அதில் பெரிய மரக்கட்டைக் குகை, பிளாஸ்டிக் பாறை, கொடி என்று நான் ஆசை ஆசையாக வாங்கி அடுக்கியதைப் போனில் காட்டினேன். ஆயா போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது ஊடு மாதிரி இருக்குது. புத்து மாதிரி இல்லையே. பூச்சி கெடக்கிற எடம் எனக்குத் தெரியாதா? வேர்ச் சந்து, கல்லிடுக்கு. நம்ம கையி நொழையாத எடத்துலதான் கெடக்கும். ஒடம்பு எல்லாப் பக்கமும் ஒட்டோணும் அதுக்கு."

சுருளி இந்த மலைக்காரன் இல்லை. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் இனம். ஆனால் அங்கேயும் அவை பகலெல்லாம் கிடப்பது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும்தான். இதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தவள் நான். தெரிந்திருந்தும், உள்ளே இரண்டு பேர் படுக்கலாம் போன்ற ஒரு குகையை வைத்துவிட்டு, 'ஒளிய இடம் கொடுத்திருக்கிறேனே' என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் படியில் ஒரு மண்சட்டி. பழைய சட்டி. ஒரு பக்கம் புகையேறிக் கறுத்திருந்தது. விளிம்பில் என் உள்ளங்கை அகலத்துக்கு உடைந்து போயிருந்தது, உடைந்த ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுக்கியிருந்தார். அடியில் இரண்டு வைக்கோல் துணுக்கு, செம்பழுப்பில் ஒரு சின்ன இறகு. பார்த்ததும் புரிந்தது, அது அவர் வருடக்கணக்காகக் கோழியை அடை வைக்கிற சட்டி. எத்தனை குஞ்சு அதில் பொரிந்திருக்கும் என்று அவருக்கே கணக்கு இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி இன்னொன்றும் சொன்னார். "அடைக்கோழிய போய்ப் போய்த் தூக்கிப் பாத்தா முட்டை கூமுட்டையாத்தான் போவும். கவுத்து வச்சிட்டு அந்தப் பக்கமே போவாத."

எனக்கு நெஞ்சில் குத்தியது. நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் தூக்கி எடை பார்ப்பேன். வாயைத் தடவிப் பார்ப்பேன். மூன்று நாளைக்கு ஒருமுறை எலியை மூக்குக்கு நேரே நீட்டுவேன். அவன் உருண்டையாகச் சுருண்டு தலையை உள்ளே புதைத்துக்கொள்வான். பயந்தால் பந்தாகிவிடுவதால்தானே அந்த இனத்துக்கே அந்தப் பெயர். அவன் பயத்தைத் தினமும் கையில் ஏந்திக்கொண்டே, ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று அழுதிருக்கிறேன்.

சட்டியில் கோழிப்பேன் இருக்கலாம் என்று கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, மார்கழி மாதத்து அரைகுறை வெயிலில் இரண்டு நாள் காய வைத்தேன். பிறகு தொட்டியின் சூடான பக்கத்தில், தேங்காய் நார்த்தூள் மேல் கவிழ்த்து வைத்தேன். பெரிய குகையை எடுத்துவிட்டேன். தொட்டியின் மூன்று பக்கமும் பழுப்புத் தாளால் மூடினேன். அரைமணி நேரம் ஆகியிருக்காது. மூலையில் கிடந்தவன் நாக்கை நீட்டி நீட்டி வந்து, உடைந்த விளிம்பில் தலையை வைத்து, அப்படியே உள்ளே வழிந்து போனான். கடைசியில் வால் நுனியும் மறைந்தது. அதற்கு முன்னால் அவன் எங்கேயும் அவ்வளவு சீக்கிரம் போய் அடங்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம் பன்னிரண்டு நாள். தண்ணீர் மாற்றுவதோடு சரி. தராசை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே போகாமல் திரும்பிய நேரங்கள்தான் எனக்கு இந்த நான்கு மாதத்தில் ரொம்பக் கஷ்டமானவை. நம்மிடம் பாசம் என்றாலே 'சாப்பிட்டியா' என்று கேட்பதும், தொட்டுப் பார்ப்பதும்தானே. அது இரண்டும் கூடாது என்றால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

நேற்று ராத்திரி, முந்தைய நாளே ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்த எலியை, பையோடு வெந்நீரில் போட்டுச் சூடேற்றினேன். 38 டிகிரி வந்ததும் நன்றாகத் துடைத்து, விளக்கை அணைத்துவிட்டு, நீள இடுக்கியில் பிடித்துச் சட்டி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நீட்டினேன். ஹாலிலிருந்து வந்த வெளிச்சம் மட்டும். முதலில் நாக்கு வந்தது. பிறகு மூக்கு நுனி. அவன் மேலுதட்டில் வரிசையாக இருக்கும் குழிகளுக்குச் சூடு தெரியும். இருட்டில் அவனுக்கு அதுதான் கண். கழுத்து மெல்ல வளைந்து பின்னுக்குப் போனது. நான் மூச்சு விடவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், இடுக்கி கையில் அதிர்ந்தது, எலி சட்டிக்குள் போய்விட்டது. உள்ளே மண்ணில் உடம்பு உரசிச் சுருளும் சத்தம் மட்டும் கேட்டது. இருபது நிமிடம் கழித்து டார்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு பார்த்தேன். எலியின் வால் மட்டும் அவன் வாயோரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போனது. பிறகு வாயை அகலத் திறந்து, தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துச் சரிசெய்துகொண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். நான் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மற்றவர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சேலத்தில் அவனைப் பார்த்த கால்நடை மருத்துவருக்கு நன்றி. வாய்க்குள் புண் இல்லை, மூச்சில் இரைப்பு இல்லை, உண்ணி இல்லை, 1,340 கிராமிலிருந்து 1,225 ஆகியிருந்தாலும் முதுகெலும்பு துருத்தவில்லை, குளிர்காலத்தில் ஆண் பாம்புகள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது உண்டு, வாயைத் திறந்து திணிக்க வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். உயிர் எலியை உள்ளே விடலாமா என்று நான் தவித்தபோது, பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும் என்று நள்ளிரவில் போனில் தடுத்த பெங்களூர் நண்பருக்கும், உறைந்த எலிகளை அனுப்பி வைத்தவருக்கும் நன்றி. தெர்மாகோல் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொன்ன பிறகும் முகம் சுளிக்காமல், 20 கொண்டை ஊசி வளைவும் அதைத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி. மின்சாரம் போன அந்த இரண்டு இரவுகளில் இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், தொட்டியின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சரிபார்த்து சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 என்று நிலைக்கு வரும்வரை நகராமல் இருந்த எலக்ட்ரீஷியனுக்கும் நன்றி. 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிர் என்ன செய்யும் என்பதை சேலத்து வெயிலில் வளர்ந்த நான் யோசிக்கவே இல்லை. இவர்கள் யோசித்தார்கள்.

காட்டில் விட்டுவிடு என்று சொன்னவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் அவன் நம் மலைப்பாம்பு இல்லை. நம் மலைப்பாம்பை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதை நான் கனவிலும் செய்யமாட்டேன். சுருளி வெளிநாட்டு இனம், அதற்கான பதிவை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகச் செய்திருக்கிறேன். இந்தக் குளிரில் வெளியே விட்டால் அவன் செத்துப்போவான். தப்பித்தவறிப் பிழைத்தாலும் நம் காட்டுக்கு அவன் அந்நியன். அவனுக்குப் போக்கிடம் என்னிடம் மட்டும்தான்.

இந்த இனம் நல்ல பராமரிப்பில் 30 வருடம்கூட வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒன்று 2020இல் முட்டையிட்டது. சுருளிக்கு இப்போது 6 வயது, எனக்கு 38. என் தலை நரைத்த பிறகும் அவன் இருப்பான். அதனால் இதை எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன். இனி மாதம் ஒருமுறைதான் தராசு. சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடமாட்டேன். மறுத்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் அடுத்த எலி. என் பயத்தைப் போக்கிக்கொள்ள அவனைத் தூக்கமாட்டேன்.

காலையில் பால் வாங்கப் போகும்போதே ஆயாவிடம் சொல்லிவிட்டேன். "முழுங்கிருச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு என் தலையில் கை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கோழிகளுக்குக் கம்பு இறைக்கப் போய்விட்டார்.

அவருடைய செவலைக் கோழி இரண்டு நாளாக அடைக்குக் கொக்கரித்துக்கொண்டு திரிகிறது. சட்டி என் வீட்டில் இருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்றால், "அது இனிமே பூச்சியோட ஊடு, எடுக்காத" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு இறங்கிப் புதுச்சட்டி வாங்கி வரப்போகிறேன். வாய் அகலமாக, அடி கனமாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார். தட்டினால் 'ணங்'கென்று கேட்க வேண்டுமாம்.