நோய்க்காலப் பணம் எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) என்றால் மாத்திரை வாங்கும் அட்டை என்றே பல தொழிலாளர்கள் நினைக்கிறார்கள். நோயால் வேலைக்குப் போக முடியாதபோது சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். உரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைதான் பலன். இந்த இடைவெளி தெரியாமல்தான் "சந்தா பிடிக்கிறார்களே, பணம் எங்கே?" என்ற சண்டை. கிளை அலுவலகங்களில் இதைத் தமிழில் பலகையாக வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதி சான்றிதழில். தனியார் மருத்துவமனைச் சீட்டை மட்டும் நீட்டினால் பணம் வராமல் இழுபடும். முடிந்தால் முதல் நாளே இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரிடம் சான்று வாங்கிவிட வேண்டும். அடுத்தடுத்த சான்றுகளில் தேதி விடுபட்டால் அந்த நாட்களுக்குப் பணம் இல்லை. முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது. முந்தைய நோய்விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் மீண்டும் படுத்தால் அந்தக் கழிவு இல்லை.

காசநோய், புற்றுநோய், பக்கவாதம் உள்ளிட்ட 34 நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டாண்டு வரை நீளும். அதற்கு இரண்டாண்டுப் பணியும், நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தாவும் தேவை. 91 நாள் முடிந்ததும் கோப்பை மூடிவிடாமல் இதையும் கேளுங்கள்.

– வாசகர், திருப்பூர்