குழந்தைகளைப் படிக்க ஒரு பட்டப்படிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த என் மகள் ஒரு மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். "அம்மா, குழந்தைகளைப் பத்தியே படிக்கிற டிகிரி எங்க இருக்கு?" பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 22 வருடமாக நான் அங்கன்வாடி பணியாளர் (ஊரில் இன்னமும் பால்வாடி டீச்சர்தான்). அந்த மையத்திலேயே தவழ்ந்து வளர்ந்தவள் அவள். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி என்று அலைந்து விசாரித்தோம். ஒரு கல்லூரியில் உளவியல் எடுக்கச் சொன்னார்கள், இன்னொன்றில் மனையியல், வேறொரு இடத்தில் "ஏதாவது டிகிரி முடிச்சுட்டு பி.எட். போகட்டுமே" என்றார்கள். எல்லாம் நல்ல படிப்புதான். ஆனால் அவள் கேட்டது வேறு. என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அது என் எடைப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்போம், இப்போது செல்போனிலும் ஏற்றுகிறோம். போன வருடம் ஒன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவன். ஆடி வரை பச்சையில் ஏறிக்கொண்டே வந்த கோடு ஆவணியில் அப்படியே படுத்துவிட்டது, புரட்டாசியில் 300 கிராம் குறைந்து மஞ்சளுக்கு வந்துவிட்டான். சத்துமாவு தவறாமல் வாங்கிப் போகிறார்கள். சரி, வீட்டுக்கே போய்ப் பார்ப்போம் என்று போனேன். அம்மா சம்பா நாற்றுப் பறிக்க விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடுகிறாள், வயிற்றில் நாலு மாதம், பால் நிறுத்தியாகிவிட்டது. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது நாலாம் வகுப்புப் படிக்கிற அவன் அக்கா. பாட்டி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "சவலையாயிட்டான் டீச்சர்." அம்மா மறுபடி உண்டாகித் தாய்ப்பால் நின்று மெலிந்துபோகிற பிள்ளையைத்தான் ஊரில் சவலை என்பார்கள்.

டாக்டரிடம் கொண்டுபோனால் எடைக்குறைவு என்று எழுதி மருந்து கொடுப்பார், அது அவர் வேலை, அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் சவலை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அடுத்தடுத்த பிரசவம் இருக்கிறது, நடவுக் கூலி இருக்கிறது, மேட்டூரில் எப்போது தண்ணீர் திறந்தார்கள் என்பது இருக்கிறது, பெண் பிள்ளைதான் தம்பியைத் தூக்க வேண்டும் என்கிற வழக்கம் இருக்கிறது, அந்த அக்கா அந்த வாரம் பள்ளிக்கூடமே போகவில்லை என்பதும் இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்க நாம் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

வெளிநாட்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கேம்டன் வளாகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருப்பதை மகள்தான் தேடிக் காட்டினாள். 2007லேயே முனைவர் பட்டம் வரைக்கும் ஆரம்பித்துவிட்டார்கள், இளநிலைப் பட்டமும் உண்டு. குழந்தைப் பருவத்தை வரலாறு, சமூகவியல், உளவியல், இலக்கியம், சட்டம் என்று பல பக்கத்திலிருந்து பார்க்கிற படிப்பு. அங்கே பேசப்படுகிற ஒரு பெயர் ஃபிலிப் ஆரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர். இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்று தனியாக ஓர் எண்ணமே கிடையாது என்று 1960இல் எழுதினாராம், அதை மறுத்து எழுதியவர்களும் நிறைய. அதைப் படித்ததும் எனக்கு ஒட்டக்கூத்தர் நினைவுதான் வந்தது. 12ஆம் நூற்றாண்டில், நம் சோழ நாட்டில், இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக வைத்துப் பருவம் பருவமாகப் பிள்ளைத்தமிழ் பாடியவர். செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம், குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம், கை கொட்டுவது. பிள்ளை எந்த மாதத்தில் என்ன செய்கிறது என்று பார்த்துத்தானே நாங்களும் அட்டையில் டிக் அடிக்கிறோம்! ஆனால் பிள்ளைத்தமிழைத் தமிழ்த் துறை மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள், வளர்ச்சிப் படிகளை உளவியல் மாணவர்கள் தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு வகுப்பும் ஒரே கல்லூரியில் இருந்தாலும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை, எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

குழந்தை என்பது எத்தனை வயது வரை என்பதிலேயே எத்தனை கணக்கு பாருங்கள். அரசு பஸ்ஸில் அரை டிக்கெட் 12 வயது வரை. கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு 6 முதல் 14. போக்சோ சட்டத்துக்கு 18க்குக் கீழே எல்லோரும் குழந்தை. என் மையத்தில் 6 வயதோடு முடிந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது, ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு ஒத்தாசை செய்யலாம் என்றும் சொல்கிறது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாளே அந்தப் பெண், அவள் செய்வது வேலையா, ஒத்தாசையா? இதை ஒரு வகுப்பில் உட்கார்ந்து மூன்று வருடம் வாதாட வேண்டும். அப்படி வாதாடிப் பழகிய பிள்ளைகள் நாளைக்கு அலுவலர்களாக வர வேண்டும்.

அதற்கு டெல்டாவை விட நல்ல இடம் வேண்டுமா? காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25 அன்று விரிவுபடுத்தித் தொடங்கியது நம் திருக்குவளையில்தான். கஜா புயலுக்குப் பிறகு கடனுக்காகக் கிடை ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களை மீட்ட செய்தியும் இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நாகப்பட்டினத்தில் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள், அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் வேலை. பெற்றோர் முதலில் அதைத்தான் கேட்பார்கள், நானும் கேட்டேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, 1098 உதவி எண், இளைஞர் நீதிக் குழுமம், இல்லங்கள், எங்கள் துறையில் மேற்பார்வையாளர் பணி என்று இடம் நிறையவே இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு உறுப்பினருக்கான தகுதியைச் சொல்லும்போது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே குழந்தை உளவியல், சட்டம், சமூகப் பணி, சமூகவியல் என்று வரிசையாகச் சொல்கிறது. ஒரு துறை போதாது என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே செய்துவிட வேண்டும். புதுப் பெயரில் பட்டம் கொடுத்துவிட்டு, அது எதற்குச் சமம் என்று அரசாணை போடாமல் விட்டால், சான்றிதழ் சரிபார்ப்பில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் உறவில் ஒரு பெண் வேறொரு பட்டத்தோடு அப்படித் திரும்பி வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பாடத்திட்டமும் அரசாணையும் ஒன்றாக வரட்டும்.

டெல்டாவில் ஏதாவது ஓர் அரசு கலைக் கல்லூரியில் 30 இடத்தோடு ஆரம்பித்தால்கூடப் போதும். வாரத்தில் ஒரு நாள் மாணவர்களை எங்களைப் போன்ற மையங்களுக்கு அனுப்பட்டும். என் பதிவேடுகளை எடுத்து வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்ட நான் தயார், நடவு மாதங்களில் கோடு எப்படிப் படுக்கிறது என்று அவர்களே பார்க்கலாம். உயர்கல்வித் துறையின் பார்வைக்கு இது போகும்படி தயவுசெய்து இந்தக் கடிதத்தை வெளியிடுங்கள். மகள் இப்போதைக்குச் சமூகவியலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அங்கன்வாடி பணியாளர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.