அராக்னி தோற்கவில்லை: சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிரேக்கக் கதைகளைத் தமிழில் சிறுவர்களுக்காக எழுதுகிறவர்களுக்கும், படம் வரைகிறவர்களுக்கும், அச்சிட்டுக் கொண்டுவருகிறவர்களுக்கும் வணக்கம்.

ஹெர்குலிஸ், மெதூசா, மைதாஸ் மன்னன், மெழுகு இறக்கை கட்டிப் பறந்த இக்காரஸ் என்று வண்ணப் படங்களோடு நீங்கள் போடும் நூல்களைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். என் குறை ஒரே ஒரு கதையைப் பற்றியது. என் கைக்குக் கிடைத்த தொகுப்புகளில் எல்லாம் அராக்னியின் கதை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது: நெசவில் கெட்டிக்காரியான ஒரு பெண், அதீனா தேவியைவிட நன்றாக நெய்வேன் என்று பீற்றிக்கொண்டாள். தேவி போட்டிக்கு வந்தாள். அராக்னி தோற்றாள். தேவி அவளைச் சிலந்தியாக்கினாள். அடியில் கட்டம் கட்டி, 'நீதி: தற்பெருமை கூடாது.'

இந்தக் கதை நமக்கு முழுதாகக் கிடைப்பது ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் 'உருமாற்றங்கள்' காவியத்தில். பொது ஆண்டு 8 வாக்கில் எழுதி முடித்த நூல், அதன் ஆறாம் பகுதி. அங்கே போய்ப் பாருங்கள், அவள் தோற்கவே இல்லை.

ஓவிட் அவளைச் சாதாரண வீட்டுப் பெண்ணாகத்தான் அறிமுகப்படுத்துகிறார். லிடியா நாட்டில் ஒரு சின்ன ஊர். அப்பா கம்பளி நூலுக்கு ஊதாச் சாயம் தோய்ப்பவர். அம்மா இறந்துவிட்டாள். குலப்பெருமை, சொத்து எதுவும் கிடையாது, கைவேலை ஒன்றுதான் பெயர் வாங்கித் தந்தது. பக்கத்து மலையின் திராட்சைத் தோட்டங்களையும் ஆற்றையும் விட்டுவிட்டு வனதேவதைகள் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்களாம். நெய்து முடித்த துணியைப் பார்க்க மட்டும் அல்ல. அவள் கம்பளியை உருட்டுவதையும், பஞ்சு போல இழுப்பதையும், பெருவிரலால் கதிரைச் சுழற்றுவதையும் பார்க்க. தொழில் தெரிந்த கையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

தேவி முதலில் கிழவி வேடத்தில் வந்து புத்தி சொல்கிறாள். அராக்னி கேட்கவில்லை. வாய்த்துடுக்கு அவளுக்கு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அப்புறம் இரண்டு தறிகள் போடப்படுகின்றன, பாவு ஏறுகிறது, போட்டி தொடங்குகிறது.

உங்கள் நூல்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். என் அண்ணன் மகளுக்குப் படித்துக் காட்டியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அவ என்ன நெய்தா?" புத்தகத்தில் பதில் இல்லை.

ஓவிட்டிடம் விரிவாகவே இருக்கிறது. அதீனா நெய்தது தன் வெற்றியை: ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று கடல் கடவுளோடு வந்த வழக்கில் ஆலிவ் மரத்தை முளைக்கவைத்துத் தான் வென்ற காட்சி, அதைச் சுற்றிப் பன்னிரண்டு தெய்வங்களின் சபை. நான்கு மூலைகளிலும், தெய்வங்களோடு மோதிய மனிதர்கள் மலையாகவும் பறவையாகவும் கற்படியாகவும் மாறிப்போன கதைகள். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு விட்ட மிரட்டல்தான் அது.

அராக்னி நெய்தது தெய்வங்களின் வண்டவாளத்தை. காளையாக வந்து இளவரசி யூரோப்பாவைக் கடலுக்குள் கொண்டுபோன தெய்வங்களின் அரசன் ஜீயஸ், அன்னமாக லீடாவிடம் வந்த ஜீயஸ், பொன்மழையாக, நெருப்பாக, பாம்பாக வந்த ஜீயஸ். அவரோடு நிற்காமல் கடல் கடவுள், அப்பல்லோ, பாக்கஸ் என்று இருபதுக்கு மேற்பட்ட காட்சிகள். காளை நிஜக் காளை போலவே இருந்தது, அலை நிஜ அலை போலவே இருந்தது என்கிறார் ஓவிட். காளையின் முதுகில் இருக்கும் யூரோப்பா, விட்டுவந்த கரையைத் திரும்பிப் பார்த்துத் தோழிகளைக் கூப்பிடுகிறாள். தண்ணீர் தெறிக்குமோ என்று பயந்து பாதங்களை மேலே இழுத்துக்கொள்கிறாள். இதையெல்லாம் ஒரு பெண் நூலில் கொண்டுவந்துவிட்டாள்!

தீர்ப்பு என்ன? பொறாமையே நேரில் வந்தாலும் அதில் குறை சொல்ல முடியாது. அதனால்தான் தேவிக்கு ஆத்திரம். துணியைக் கிழிக்கிறாள். கையில் இருந்த மரநாடாவால் அராக்னியின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடிக்கிறாள். அவமானம் தாங்காமல் அராக்னி கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொள்ள, தேவி இரக்கப்பட்டு மூலிகைச் சாறு தெளித்துச் சிலந்தியாக்குகிறாள். கதை இவ்வளவுதான். இதைத் தற்பெருமைக்குக் கிடைத்த தண்டனை என்று மட்டும் சுருக்கினால், அடித்தவளைப் பற்றி ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லையே.

இப்படிச் சுருக்கியதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இத்தாலியக் கவிஞர் தாந்தேயே தன் காவியத்தில், இறந்தவர்கள் பாவம் தீர்க்கும் கழுவாய் மலையில் ஆணவத்துக்கான தளத்தின் தரையில், பாதி சிலந்தியாகிவிட்ட அராக்னியைச் செதுக்கி வைத்திருக்கிறார். பழைய வழக்கம்தான். ஆனால் எல்லாரும் அந்த வழியில் போகவில்லை.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1655-க்கும் 1660-க்கும் இடையில் வரைந்த 'நூற்கும் பெண்கள்' இருக்கிறது. முன்னால் ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். தலையில் துணி கட்டிய ஒருத்தி ராட்டை சுற்றுகிறாள். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் ஆரங்களே கண்ணுக்குத் தெரிவதில்லை, வெறும் மினுக்கம்தான். காலடியில் ஒரு பூனை. ஏதோ நெசவுப் பட்டறைக் காட்சி என்றே இதை நெடுங்காலம் பார்த்துவந்தார்கள். 1664-ஆம் ஆண்டின் ஒரு சொத்துப் பட்டியல் இந்தப் படத்தை 'அராக்னியின் கதை' என்று குறிப்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வெளிவந்தது. பின்னாலுள்ள வெளிச்சமான அறையைப் பாருங்கள்: தலைக்கவசம் அணிந்து கையை ஓங்கி நிற்பவள் அதீனா, எதிரே அராக்னி, அவளுக்குப் பின்னால் அவள் நெய்த திரை.

அந்தத் திரையில் இருப்பது இத்தாலிய ஓவியர் டிஷியனின் 'யூரோப்பா'. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக டிஷியன் 1559–62-இல் வரைந்த படம். இப்போது அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கிறது. அன்று மாட்ரிட் அரண்மனையில் இருந்தது. ஓவியர் ரூபன்ஸ் 1628–29-இல் அங்கே வந்தபோது அதைப் பார்த்துப் பிரதி எடுத்தார், அந்தப் பிரதியும் இன்று பிராடோவில்தான். வெலாஸ்கெஸ் அந்த அரண்மனையின் ஓவியர். அராக்னி எவ்வளவு நன்றாக நெய்தாள் என்று காட்ட, டிஷியனின் படத்தையே எடுத்து அவள் தறியில் வைத்துவிட்டார். போட்டியில் யார் வென்றது என்று ஓர் ஓவியர் இதைவிட எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? அதீனா நெய்தது படத்தில் எங்கும் கிடையாது.

ஓவிட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'உருமாற்றங்கள்' முடிந்த அதே வாக்கில், பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்து டோமிஸ் ஊருக்கு நாடு கடத்தினார். காரணம் ஒரு கவிதை, ஒரு பிழை என்று ஓவிட்டே எழுதுகிறார். எந்தப் பிழை என்று கடைசிவரை சொல்லவில்லை. திரும்பி வராமலே அங்கேயே இறந்தார். அராக்னி அவர் கற்பனையில் முன்கூட்டியே வந்துவிட்டாள் என்று நினைக்கத் தோன்றுகிறது, ஆதாரம் எதுவும் கிடையாது.

சரி, தெய்வங்களின் லீலைகளையும் கழுத்துக் கயிற்றையும் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். குரோனஸ் பெற்ற பிள்ளைகளை விழுங்குவதை முழுப்பக்கப் படமாகப் போடுகிறவர்கள் இங்கே தயங்குவது வேடிக்கைதான். கயிற்றை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது. மற்றபடி எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: 'தெய்வங்கள் வேடம் போட்டுப் பெண்களை ஏமாற்றியதை அராக்னி நெய்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. தேவி கோபத்தில் அதைக் கிழித்தாள்.'

படம் வரைகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிலந்தியைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டு இரண்டு துணிகளையும் பக்கம் பக்கமாக வரையுங்கள். யார் நெய்தது உயர்ந்தது என்று பிள்ளைகளே சண்டை போட்டுக்கொள்ளட்டும். முடிந்தால் எதிர்ப்பக்கத்தில் வெலாஸ்கெஸின் படத்தையும் போடுங்கள். அவர் 1660-இல் இறந்தவர், ஓவியத்துக்குக் காப்புரிமைத் தொல்லை கிடையாது. கதைக்கு அடியில் 'ஓவிட், உருமாற்றங்கள், ஆறாம் பகுதி' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தால், வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் மூலத்தைத் தேடிப் போக வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் நூல்களைத் தொடர்ந்து வாங்கும் ஒரு வாசகர்